ஆடு புலி ஆட்டமும் மேசைப் போரும்

மாந்தர் ஆடும் ஆட்டங்களுள் போரைப் பாவனையாகக் கொண்டவை தொன்மை மிக்கவை. மேலை நாடுகளில் அவற்றுள் ஒன்று தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. ஈயத்தாலும், இக்காலத்தில் பிளாஸ்டிக்காலும் செய்யப்பட்ட விரலளவுப் படைவீரர் உருவங்களை ஒரு பெரிய மேசையின்மேல் அணிவகுத்து நிறுத்துவர். அட்டையாலும் துணியாலும் குன்று, ஆறு, காடு, ஊர் முதலியன அமைப்பர். அளவுகோல் கொண்டு தொலைவை அளந்து உருவங்களை நகர்த்துவர். பகடை உருட்டிச் சேதம் காண்பர். இதனை மேசைப் போர் என்று நாம் வழங்கலாம். இதற்கு விதிநூல்கள் பல உள. அவற்றுள் சில நூறு பக்கத்திற்கும் மேற்பட்டவை. சில ஓரிரு தாள்களில் அடங்குபவை. வியப்பு யாதெனின், பருத்த நூல்களைப் பல்லாண்டு பயின்று கைவரப் பெற்றவர்களுள்ளேயே பலர், பின்னர் மெலிந்த நூல்களை நாடி வருகின்றனர் என்பதாம். கற்பதற்கு எளிது என்பதே இதற்குக் காரணமாகாது. அவர்கள் அரியதை முன்னரே கற்று முடித்தவர்கள் அல்லரோ? எனவே எளிய விதியில் வேறோர் இன்பம் உளது. அஃது யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குக் கடல் கடந்து செல்லுமுன் நம் வாயிலிலேயே தொடங்குதல் நன்று. தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், வருசநாட்டு மலைகளினின்று இறங்கி வரும் மூல வைகையை ஒட்டிக் கடமலைக்குண்டு என்னும் ஊர் உளது. சுற்றிலும் மலை, ஆடு மாடு மேய்த்தல் அப்பக்கத்துப் பழந்தொழில்களுள் ஒன்று. மேகமலைக் காடுகள் தொலைவில் இல்லை. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அக்காடுகளும் திருவில்லிபுத்தூர்ச் சாம்பல்நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் எனப் பெயர் பெற்றன. தமிழ்நாட்டுக் காப்பகங்களுள் அஃது ஐந்தாவது. ஆகவே இப்பக்கத்தார்க்கு ஆடு என்பதும் புலி என்பதும் வெறும் ஏட்டுச் சொற்கள் அல்ல. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திண்ணைகளிலும், கோயில் மண்டபத் தரைகளிலும், பாறைகளிலும் கீறப்பட்டுக் காணும் ஆடு புலி ஆட்டக் கட்டமானது, இத்தகைய மலையடி நாட்டில் வைத்து நோக்கும்போது தன் பொருளை முழுதும் காட்டுகின்றது.

கட்டம் வரையும் முறையை முதற்கண் கூறுவேன். உச்சியில் ஒரு புள்ளி. அதனின்று நான்கு கோடுகள் விரித்த விசிறி போலக் கீழிறங்கி அடிக்கோட்டைத் தொடும். இடையே மூன்று குறுக்குக் கோடுகள் அந்நான்கினையும் வெட்டி, இருபுறமும் சற்று வெளியே நீண்டு நிற்கும்; அவற்றின் முனைகளைப் பக்கத்திற்கு ஒன்றாக இரு நேர்க்கோடுகள் இணைக்கும். கோடுகள் கூடும் இடங்களை எண்ணின், உச்சியில் 1, குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடியில் 4, ஆக மொத்தம் 23. காய்கள் நிற்கும் இடங்கள் இவையே. புலி 3, ஆடு 15. புலிக்கு மூன்று கூழாங்கற்களும் ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டைகளும் போதும். கரித்துண்டு ஒன்று கிடைத்தால் போர்க்களமும் ஆயத்தம்.

இனி விதி. ஒருவர் புலிப் பக்கம். மற்றவர் ஆட்டுப் பக்கம். புலிகள் தொடக்கத்தில் உச்சியிலும் அதன்கீழ் நடுவிலுள்ள இரு புள்ளிகளிலும் நிற்பது ஒரு வழக்கு. ஆட்டுக்காரர் முறைக்கு ஒன்றாகத் தம் ஆடுகளை வெற்றுப் புள்ளிகளில் வைத்து வருவார். பதினைந்தும் இறங்கும் வரையில் வைத்த ஆட்டை நகர்த்தலாகாது. புலிக்காரர் தம் முறையில் ஒரு புலியைக் கோட்டின்வழி அடுத்த வெற்றுப் புள்ளிக்கு நகர்த்தலாம். அல்லது அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டி, அதே நேர்க்கோட்டில் அப்பாலுள்ள புள்ளி வெறுமையாயிருப்பின் அங்கே குதித்து, அவ்வாட்டை வெட்டலாம். எல்லா ஆடுகளும் இறங்கியபின் அவையும் புள்ளிக்குப் புள்ளி நகரும். ஆனால் எதனையும் வெட்டா. மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. முன்பே பேசிவைத்த அளவு ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி. விதி இவ்வளவே, ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

இச்சிறு விதியினின்று விளைவன யாவை என்பதை நோக்குக. மூலையில் நிற்கும் ஆட்டைப் புலி தீண்டலாகாது என்று யாரும் விதிக்கவில்லை. ஆயினும் உச்சிப் புள்ளி, அடிக்கோட்டின் இரு முனைகள், பக்கக் கோடுகள் இரண்டின் நான்கு முனைகள் ஆகிய 7 இடங்களில் நிற்கும் ஆடு எக்காலும் வெட்டுப்படாது. ஏனெனில் அவ்விடங்களில் வந்து சேரும் கோடுகள் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகின்றன. தாண்டிய புலி இறங்குவதற்கு அப்பால் புள்ளி இல்லை. அரண் என்ற சொல் விதியில் இல்லை. அரண் நிலத்தில் உளது. ஆட்டத்தில் பழகியவர் முதலிலேயே இவ்விடங்களை நாடுவதும், புதியவர் நடுக்களத்தில் ஆட்டை வைத்து இழப்பதும் இதனாலேயே. ஆனால் அரண் ஏழுக்குமேல் இல்லை, ஆடுகளோ பதினைந்து. எஞ்சியவை என் செய்யும்? ஒன்றன்பின் ஒன்றாக முதுகு கொடுத்து நிற்கவேண்டும். பின்னுள்ள புள்ளியை மற்றோர் ஆடு நிரப்பியிருக்கும்போது புலிக்கு இறங்க இடமில்லை. படையணி என்பதன் பயனை ஒரு சிறுவன் எந்நூலும் படியாமல் இங்கே கண்டுகொள்கின்றான்.

இன்னும் ஒன்று. ஓர் ஆடும் இறவாமல் பதினைந்தும் இறங்கிவிட்டதாகக் கொள்வோம். ஆடு 15, புலி 3, ஆக 18 புள்ளிகள் நிரம்பின. வெறுமையாக நிற்பன 5 மட்டுமே. ஆட்டுக்காரர் வென்றுவிட்டார் போலத் தோன்றும். உண்மையில் ஆட்டத்தின் இடுக்கண் மிகுந்த பகுதி அப்போதே தொடங்குகின்றது. முறை வந்தால் அவர் ஓர் ஆட்டை நகர்த்தியே தீரவேண்டும். நகர்ந்த ஆடு தான் விட்ட இடத்தை வெறுமையாக்கிச் செல்கின்றது. அவ்வெறுமையே அதன் அண்டை ஆட்டைத் தாண்டி வரும் புலிக்கு இறங்குதுறை ஆகின்றது. ஒருவனைக் காப்பாற்ற எடுத்த அடி மற்றொருவனைக் காட்டிக்கொடுக்கும். புலிக்காரரோ ஒன்றும் செய்யாதவர் போல ஒரு புலியை இங்கும் அங்கும் அசைத்து, எதிரி பிழைபடும் வரையில் பொறுத்திருப்பார். பொறுமை, வஞ்சகம், தியாகம் என்பன பற்றி விதியில் ஓர் எழுத்தும் இல்லை. ஆட்டத்தில் அவையன்றி வேறில்லை.

எளிய விதியின் முதற் கவர்ச்சி இங்கே விளங்குகின்றது. நினைவில் வைக்கவேண்டியது சிறிதாதலின் உள்ளம் விதியை விட்டு விடுபடுகின்றது. விடுபட்ட உள்ளம் நிலத்தையும் எதிரியின் முகத்தையும் நோக்குகின்றது. விதி பெருகிய ஆட்டத்தில் ஆடுவோன் தன் அறிவில் ஒரு பெரும்பகுதியை விதிக்கே செலவிடுகின்றான். இரண்டாவது கவர்ச்சி இதனினும் சற்றுக் கடுமையானது. ஆடு புலி ஆட்டத்தில் தோற்றவன் பழி சாட்டுவதற்குப் பகடையும் இல்லை, மறந்துபோன விதியும் இல்லை. தோல்வி முழுதும் அவனுடையது. தாயக்கட்டையை நம்பாத முதியோர் சிலர் இவ்வாட்டத்தை விரும்புவதற்கு இதுவே காரணம் போலும்.

இரு பக்கமும் ஒத்த வலிமை உடையன அல்ல என்பதும் நினைக்கத்தக்கது. புலிக்கு ஆற்றல் உண்டு, தொகை இல்லை. ஆட்டுக்குத் தொகை உண்டு, ஆற்றல் இல்லை. ஆகவே இருவரும் பக்கம் மாற்றி இருமுறை ஆடிப் பார்த்தே திறனை அளத்தல் முறை. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். இதனை முன்னரே பேசிக்கொள்ளாதவர்கள் நடு ஆட்டத்தில் சண்டையிடுவதும் உண்டு. எளிய விதியின் குறைகளுள் இஃது ஒன்று: எழுதப்படாமையால் வேறுபாடு மலிகின்றது. ஆயினும் எழுதப்படாமையாலேயே அஃது அழியாமலும் இருக்கின்றது. அச்சிட்ட விதிநூல் தீர்ந்துபோனால் அவ்வாட்டமும் தீரும். இவ்வாட்டமோ ஒரு பாட்டியின் நினைவிலும் ஒரு பாறையின் முகத்திலும் தங்கிவிடும்.

நேபாள நாட்டில் இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. பாக் சால் என்பது அதன் பெயர். ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளிகள். 4 புலிகள் நான்கு மூலையிலும் நிற்க, 20 ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். ஐந்து ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி. லிம் இயூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் கணிப்பொறி அறிஞர் இருவர் இவ்வாட்டத்தை நெடுநாள் கணித்து, இருபுறத்தாரும் பிழையின்றி ஆடின் அஃது வெற்றி தோல்வியின்றி முடியும் என்று நிறுவினர். ஒரு பக்கத்தில் எழுதி முடியும் விதியின் முடிவைக் காண்பதற்கு இக்காலத்துக் கணிப்பொறிகளும் ஆய்வாளரின் நுண்மதியும் வேண்டியிருந்தன. விதி எளிதாயிருத்தல் வேறு, ஆட்டம் எளிதாயிருத்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி மேலை நாட்டு வரலாற்றைக் காண்போம். அங்கும் தொடக்கம் நம் நாட்டுப் பொருளே. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையால் பெயர் பெற்ற சதுரங்கம் பாரசீகம் வழியாகவும் அராபியர் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தது. 1780-இல் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் என்பார், சதுரங்கத்தின் 64 கட்டம் உண்மைப் போரைக் காட்டுவதற்குப் போதாது எனக் கருதி, 1,617 கட்டங்கள் கொண்ட பலகையொன்றை அமைத்தார். நிலத்தின் தன்மைக்கேற்பக் கட்டங்களுக்கு வெவ்வேறு வண்ணமும் கொடுத்தார். அந்நூற்றாண்டு முடியுமுன் வெந்தூரினி என்பார் அதனை 3,600 கட்டங்கட்கு விரித்தார். உண்மையை நெருங்க நெருங்க விதியும் பெருகியது. விதி பெருகப் பெருக ஆடுவோர் அருகினர்.

இந்நிலையை மாற்றியவர்கள் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும் ஆவர். தந்தை 1812-இல் கட்டங்களையே நீக்கி, மலையும் ஆறும் வடித்த சிறு பலகைகளை இட்டு நிரப்பத்தக்க மேசையொன்றைத் தம் அரசர்க்கு அளித்தார். பீரங்கிப் படை அதிகாரியாகிய மகன் 1824-இல் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். மேசைக்குப் பதிலாக 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். படைகளுக்குச் சிவப்பும் நீலமுமான சிறு கட்டிகள். ஒவ்வொரு முறையும் போர்க்களத்தில் இரண்டு நிமிடத்தைக் குறிக்கும். ஆடும் இருவர்க்கும் இடையே நடுவர் ஒருவர் இருப்பார். ஆடுவோர் தம் கட்டளைகளைச் சாதாரண மொழியில் எழுதி அவரிடம் கொடுப்பர். சேதக் கணக்கும் பகடையும் அவர் பாற்பட்டவை. உண்மைத் தளபதிக்குக் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதுவே ஆடுவோனுக்குத் தெரிவிக்கப்படும். இதனை முதலில் ஆர்வமின்றிக் காண வந்த தலைமைத் தளபதி முஃப்லிங், ஆட்டம் வளர வளர உள்ளம் கிளர்ந்து, இது விளையாட்டன்று, போர்ப் பயிற்சியே என்னும் பொருள்படக் கூறிப் படை முழுமைக்கும் பரிந்துரைத்தார் என்பர்.

இங்கே நுண்ணிதாகக் காணத்தக்கது ஒன்று உண்டு. ரைஸ்விட்ஸ் விதிகள் உண்மையில் எளியவை அல்ல; பட்டியல்கள் பல உடையவை. ஆயினும் அவற்றின் சுமை நடுவர் தோளில் ஏற்றப்பட்டது. ஆடுவோன் சுமையின்றி நின்றான். காலம் செல்லச் செல்ல நடுவர்க்கும் சுமை மிகுந்தது. பட்டியலைப் புரட்டுவதிலேயே பொழுது கழிந்தமையின் இளைய அதிகாரிகள் சலித்தனர். 1876-இல் வெர்டி து வெர்னுவா என்னும் பிரஷ்யத் தளபதி, பட்டியலும் வேண்டா, பகடையும் வேண்டா, போர் கண்டு முதிர்ந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்று எழுதினார். விதியைக் குறைப்பதற்கு இஃது ஒரு வழி. ஆனால் நடுவர் நேர்மையும் அறிவும் இல்லாதவராயின் ஆட்டம் வெறும் முகத்துதியாகிவிடும் என்ற அச்சம் இம்முறையில் என்றும் உண்டு. நம் ஊர்த் திண்ணையிலும் நடுவர் உண்டு: ஆடுவோர் இருவர், சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போர் பலர். அவர்கள் வாய் மூடி நிற்பதில்லை என்பது வேறு செய்தி.

படைத்துறையினின்று இவ்வாட்டத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தவருள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1913-இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூல், மேசைப் போர் ஆடுவோர்க்கு இன்றும் முன்னூலாக விளங்குகின்றது. அவர் ஆடியது மேசையின்மேல் அன்று, தரையின்மேல். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி நகரும், குதிரை இரண்டடி. சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியினின்று சிறு மரக்குண்டு தெறிக்கும். பட்டு வீழ்ந்த பொம்மை இறந்தது. பீரங்கியை இயக்க அதனருகே நால்வர் நிற்கவேண்டும். சமமான இரு கூட்டம் கைகலந்தால் ஆளுக்கு ஆள் மடியும். கடிகாரம் வைத்து நேரம் அளந்து நகர்த்தவேண்டும். படைத்துறைப் போராட்டத்தை அவர் சுவையற்றதெனக் கருதினார். தம் சிறு விதிகளில் குழப்பமும் அவசரமும் எதிர்பாராமையும் மிகுந்திருப்பதால் அவையே போருக்கு அண்மையவை என்று எண்ணினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. கடிகாரம் ஒன்றே, களத்தில் நின்று தடுமாறும் மனத்தை நூறு பட்டியலினும் நன்கு காட்டும்.

எளிய ஆட்டம் சிறுவர்க்கே உரியது என்று கருதுவோர் 1942-ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடந்ததை அறிதல் வேண்டும். அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் கொண்டு வந்த கப்பற்கூட்டங்களை அழித்துவந்த காலம் அது. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி, மகளிர் கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்களைத் துணையாகக் கொண்டு, ஒரு பெரிய அறையின் தரையையே கடலாக்கினார். சுண்ணக்கோலால் கப்பல்களின் வழி வரையப்பட்டது. ஆடும் அதிகாரிகள் திரைகளின் பின்னே நின்று, சிறு திறப்பின் வழியே தம் கப்பலினின்று தெரியக்கூடியதை மட்டும் கண்டனர். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நிமிடமே கொடுக்கப்பட்டது. விதி இதற்குமேல் மிகுதி இல்லை. கப்பற்கூட்டத்திற்கு வெளியே தொலைவில் நின்று நீர்மூழ்கி தாக்குகின்றது என்பது அதுகாறும் இருந்த எண்ணம். இரவில் கூட்டத்தின் உள்ளேயே அது புகுந்து தாக்குகின்றது என்பது இத்தரையாட்டத்தால் புலனாயிற்று. அதற்கேற்ற எதிர்முறைகளும் அங்கேயே வகுக்கப்பட்டன.

இதனை ஆடு புலி ஆட்டம் என்றே கூறலாம். மந்தைக்குள் புலி, மந்தை கலையாமல் புலியை அடைக்கவேண்டும். தாமே பழைய நீர்மூழ்கி வீரராகிய தளபதி மேக்ஸ் ஹார்ட்டன் அங்கு வந்து நீர்மூழ்கிப் பக்கத்தை ஆடியபோது, இருபது வயதை ஒட்டிய ஜேனட் ஓகெல் என்னும் பெண்ணிடம் ஐந்து முறை தோற்றார் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. அப்பெண் கடற்போர் கண்டவர் அல்லர். ஆனால் நாள்தோறும் அத்தரையில் ஆடி, எந்நிலையில் எவ்வழி அடைபடும் என்பதைக் கண்ணால் பழகியவர். போர் முடியுமுன் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அவ்வறையில் பயின்று சென்றனர். விதி நூறு பக்கமாயிருந்தால் கப்பல் புறப்படும் முன் எஞ்சிய சில நாளில் இத்தனை பேர் பயின்றிருக்க இயலுமோ?

போருக்குப் பிந்திய மேசையாட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். பொழுதுபோக்காக ஆடுவோர் பெருகினர், விதிநூல்களும் பெருத்தன. பின்னர் அலை திரும்பியது. பண்டைப் போர்கட்கு விரிவான விதிகளை இயற்றியவர்களுள் ஒருவராகிய ஃபில் பார்க்கர், 1990-இல் வெளிவந்த 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்' என்னும் சுருங்கிய விதியின் ஆக்கத்திலும் முன்னின்றார். ஒவ்வொரு பக்கத்திற்கும் 12 அணிகளே. முறை தொடங்கும்போது ஒரு பகடை உருட்டவேண்டும். மூன்று விழுந்தால், தனி அணிகளாகவோ ஒட்டி நிற்கும் கூட்டங்களாகவோ மூன்றை மட்டுமே நகர்த்தலாம். எண்ணிப் பாருங்கள்: கட்டளை போய்ச் சேராமை, தூதன் வழி தவறுதல், துணைத்தலைவன் பிணங்குதல், புழுதி, கூச்சல் ஆகிய யாவும் அவ்வொரு பகடையில் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் இட்டிருந்தால் நாம் அவற்றைக் கணக்கிட்டிருப்போம். இங்கே அவற்றை உணர்கின்றோம். 2014-இல் நீல் தாமஸ் என்பார் ஒரு மணி நேரப் போர்கள் என்னும் பொருளுடைய நூலொன்றை வெளியிட்டார். பக்கத்திற்கு 6 அணி, மூன்றடிச் சதுர மேசை, 15 முறை, அவ்வளவே. ஆனால் அந்நூலில் வெவ்வேறு போர்நிலைகள் 30 வகுக்கப்பட்டுள்ளன: பாலம் காத்தல், பின்வாங்குதல், பதுங்கித் தாக்குதல் போல்வன. விதியை மாற்றாமல் நிலைமையை மாற்றுகின்றார்.

என் கருத்தில் இச்சிக்கலின் முடிச்சு இங்கேயே அவிழ்கின்றது. போரின் வேறுபாடுகளை எல்லாம் விதிக்குள் திணிக்க முயன்றவர்கள் ஹெல்விக்கும் வெந்தூரினியும். நிலத்திலும் நிலைமையிலும் அவ்வேறுபாடுகளை வைத்து, விதியைச் சிறிதாக்கியவர்கள் பின்வந்தோர். ஆடு புலி ஆட்டம் அதனைப் பண்டே செய்து முடித்தது: ஏழு அரண்களும் அதன் நிலத்தில் உள்ளனவேயன்றி விதியில் இல்லை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. எளிய விதியில் பசி இல்லை, மழை இல்லை, நடந்து களைத்த கால்கள் இல்லை. எனவே அது போரைப் பற்றிப் பொய்யான எண்ணத்தை உண்டாக்கும் என்பர் சிலர். முதற்பகுதி உண்மையே. விரிவான விதிநூலைப் படிப்போன் உணவு வண்டியின் வேகத்தையும் துப்பாக்கியின் எட்டலையும் அறிந்துகொள்வான். வரலாறு கற்பதற்கு அது துணையே. ஆனால் நூறு பக்கத்து விதியும் பசியைக் காட்டுவதில்லை. பசிக்கு ஓர் எண்ணைக் கொடுக்கின்றது. சிறிய விதி தான் விட்டதை விட்டேன் என்று ஒப்புக்கொள்கின்றது. பெரிய விதியோ எதனையும் விடவில்லை என்ற மயக்கத்தைத் தருகின்றது. இரண்டனுள் பின்னதே இடர் மிகுந்தது என்பேன்.

நம் முன்னோரும் போருக்குச் சுருங்கிய இலக்கணம் வகுத்தவர்களே. ஆநிரை கவர்வோன் வெட்சிப் பூச் சூடுவான்; மீட்போன் கரந்தை; மண் கவர மேற்செல்வோன் வஞ்சி; எயில் வளைப்போன் உழிஞை; களத்தில் எதிர்த்துப் பொருவோன் தும்பை; வென்றோன் வாகை. யார் எதற்காக வந்துள்ளனர் என்பது தலையில் சூடிய பூவாலேயே விளங்கிவிடும். இவ்விலக்கணத்தின் மறுபுறத்தைக் காண விரும்புவோர் கடமலைக்குண்டினின்று வைகையின் போக்கிலேயே இறங்கிச் செல்லலாம். அதே ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் ஊரில், 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சார்ந்தவை அவை என்று அறிஞர் கணிப்பர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிப்பிட்டு, இறந்தவனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இலக்கணத்தில் வெட்சி; கல்லில் ஒரு தனி மனிதன். நம் கட்டத்தில் வெட்டுண்ட புளியங்கொட்டை அடுத்த ஆட்டத்திற்கு மீண்டும் வரும், அவன் வரவில்லை.

வெல்ஸ் இதனை அறியாதவர் அல்லர். தம் விளையாட்டை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே, உண்மைப் பெரும்போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்த செயல் என்பது விளங்கிவிடும் என்று அந்நூலின் முடிவில் எழுதினார். பொம்மைப் போரை ஆடுவோர் உண்மைப் போரை விரும்பார் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டே, 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. விளையாட்டு மனிதரைத் திருத்திவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. ஆயினும் தன் பிழையால் தன் படை அழிவதைக் கண்ணெதிரே காணும் ஒருவன், படைத்தலைவர் எல்லாம் அறிந்தவர் என்று எளிதில் நம்பமாட்டான். அந்த அளவில் அவர் கூற்று நிற்கும்.

மாணவ நண்பர்கட்கு ஒரு சோதனையைக் கூறி அமைகின்றேன். கட்டம் வரைந்து, ஐந்து ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்று பேசிக்கொண்டு, பக்கம் மாற்றிப் பத்து ஆட்டம் ஆடுக. பின்னர் ஒரு விதியை மட்டும் கூட்டுக: புலிக்காரர் தம் முறையில் ஒரு பகடை உருட்டவேண்டும், ஒன்று விழுந்தால் அம்முறை புலி அசையலாகாது. மீண்டும் பத்து ஆட்டம் ஆடுக. ஆட்டுக்காரர் எவ்விடத்தில் முன்னினும் துணிவாக ஆட்டை வைக்கின்றார், தோற்றவர் தோல்விக்கு யாரைக் குறை கூறுகின்றார் என்னும் இரண்டனையும் ஒரு தாளில் குறித்து வருக. அதன்பின் அப்பகடை விதியை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்பதை ஆடிய இருவருமே கூடி முடிவு செய்யலாம்.